சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிய செய்தி: தேர்தல் காலப் பொய்த் தகவலை வீட்டுக்குள்ளும் வகுப்பறையிலும் எப்படித் தடுப்பது?

கேள்வி
எழுதியவர்: சமூக அறிவியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். 2021 ஏப்ரல் 6 அன்று, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கிய சற்று நேரத்தில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அதன் சாரம் இதுதான்: "வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? கவலை வேண்டாம். ஆதார் அட்டையைக் காட்டி, பிரிவு 49ஏ-யின்படி சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால் டெண்டர் ஓட்டு கேளுங்கள். ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு பதிவானால் அங்கே மறுவாக்குப்பதிவு நடக்கும். எல்லோருக்கும் பகிருங்கள்."

என் சித்தப்பாவுக்கு அப்போது 71 வயது. வீடு மாறியதில் அவருடைய பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தது. இந்தச் செய்தியைப் படித்த உற்சாகத்தில் வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு, ஆதார் அட்டையின் நகலைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார். உள்ளே போய் "49ஏ" என்று சொன்னதும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது என்று அலுவலர் பொறுமையாகத்தான் சொன்னாராம். சித்தப்பாவோ, சட்டத்தில் இருக்கும் உரிமையைத் தமக்கு மறுக்கிறார்கள் என்றே நம்பினார். கைப்பேசியை நீட்டி அந்தச் செய்தியைக் காட்டியிருக்கிறார், பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். வீடு திரும்பியவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. தேர்தலே மோசடி என்று இன்றுவரை சொல்கிறார்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தச் செய்தி எனக்கு ஐயமாகவே இருந்தது. ஆனால் அதைக் குழுவில் போட்டவர் என் பெரிய அத்தான். மூத்தவரைப் பலர் முன்னிலையில் மறுத்துப் பேச மனம் வராமல் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். அந்தச் செய்தியில் எது உண்மை, எது பொய்? செய்தியின் உள்ளடக்கத்தை வாட்ஸ்அப் நிறுவனமே படிக்க முடியாது என்னும்போது, தொழில்நுட்பத்தால் உண்மையில் என்னதான் செய்ய முடியும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊடக எழுத்தறிவைக் கற்பிக்க விரும்புகிறேன். ஒரு பாடவேளை 40 நிமிடம். அதனால் பயன் உண்டா?

பதில் 1
எழுதியவர்: வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவர், தஞ்சாவூர்

அம்மா, நான்கு தேர்தல்களில் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். உங்கள் சித்தப்பாவைப் போன்றவர்களை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். அதே செய்தி 2019 மக்களவைத் தேர்தலின்போதும் சுற்றியது. அதை வரி வரியாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ என்று ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் அமைப்பைப் பற்றியது, வாக்காளரின் உரிமையைப் பற்றியது அன்று. சேலஞ்ச் ஓட்டு என்பதும் உண்டு. அது விதி 49ஜே-யில் வருகிறது. சாவடியில் அமர்ந்திருக்கும் முகவர் ஒருவர், வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் அல்லர் என்று கருதினால் இரண்டு ரூபாய் செலுத்தி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அப்போதே விசாரித்து முடிவு செய்வார். அதாவது அது வாக்காளரின் அடையாளத்தைக் கேள்விக்குள்ளாக்கும் ஏற்பாடு. பட்டியலில் இல்லாதவரை உள்ளே அழைத்துவரும் வழி அன்று. ஆதார் அட்டை நீங்கள் யார் என்பதைக் காட்டுமே தவிர, பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டாது.

டெண்டர் ஓட்டு, அதாவது ஆய்வுக்குரிய வாக்கு, முற்றிலும் உண்மை. அது விதி 49பி (ஆங்கில எழுத்து P). உங்கள் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துவிட்டார் என்றால், நீங்கள் உண்மையான வாக்காளர்தாம் என்று விசாரணையில் தெரிந்ததும், இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டோம். அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவோம். அதன் பின்பக்கத்தில் அது டெண்டர் சீட்டு என்ற குறிப்பு இருக்கும். படிவம் 17பி-யில் (இது ஆங்கில எழுத்து B) கையெழுத்து வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி மடித்துக் கொடுத்த சீட்டைத் தனி உறையில் வைப்போம். வழக்கமான வாக்கு எண்ணிக்கையில் அந்தச் சீட்டைச் சேர்க்க மாட்டார்கள். வழக்கு நடந்து நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கப்படும். 14 சதவீதம் என்ற கணக்கு எந்த விதியிலும் இல்லை. மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிடுவது தேர்தல் ஆணையம் மட்டுமே, அதற்கும் இந்தச் சதவீதத்துக்கும் தொடர்பு கிடையாது.

ஆக, நான்கு வரியில் ஒரு வரி உண்மை. 2018இல் வந்த ஒரு திரைப்படத்தால் 49பி தமிழ்நாட்டில் வீடுதோறும் தெரிந்த எண்ணாகிவிட்டது. தெரிந்த உண்மை ஒன்று பக்கத்திலேயே இருந்ததால், 49ஏ-வையும் 14 சதவீதத்தையும் யாரும் சந்தேகிக்கவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் உங்கள் அத்தானே அனுப்பியிருக்கமாட்டார்.

இதற்கான மருந்து வாக்குப்பதிவு நாளில் இல்லை. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் புதிய பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்குச் சில நாள் முன்னதாகவே விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனவே தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆணையத்தின் இணையதளத்திலோ 1950 என்ற எண்ணிலோ உங்கள் தெருவின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

பதில் 2
எழுதியவர்: மென்பொருள் பொறியாளர், சென்னை

தொழில்நுட்பம் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னால் இயன்ற பதில். வாட்ஸ்அப்பில் செய்தியைப் படிக்காமலேயே அதன் வேகத்தைக் குறைக்க முடியும். செய்தி ஒவ்வொரு முறை கை மாறும்போதும், எத்தனை கை மாறியது என்ற எண்ணிக்கை அந்தச் செய்தியுடனேயே பயணிக்கிறது. 2018இல் இந்தியாவில் வதந்திகளால் நடந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மட்டுமே முன்னனுப்ப முடியும் என்று இங்கே கட்டுப்படுத்தினார்கள். இந்த மாற்றத்தால் முன்னனுப்பப்படும் செய்திகள் மொத்தத்தில் 25 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் கூறியது. 2020 ஏப்ரலில், ஐந்து முறையோ அதற்கு மேலோ கை மாறிவந்த செய்தியை ஒரு முறைக்கு ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்பதும் நிறுவனம் சொன்ன கணக்குத்தான். உங்கள் குழுவில் ஒரு செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அனுப்பியவர் அதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் அநேகமாக எழுதவில்லை என்று பொருள். அந்தக் குறியைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் செய்தியை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் எண்ணிக்கை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினாலும் அப்படியே.

அடுத்தது, சரிபார்ப்பு எண்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு, மார்ச் மாதத்தில், மிஸ்இன்ஃபர்மேஷன் காம்பாட் அலையன்ஸ் என்ற உண்மை சரிபார்ப்பு அமைப்புகளின் கூட்டணி ஒரு வாட்ஸ்அப் எண்ணை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவையோ என்று ஐயப்படும் காணொளிகளையும் ஒலிப்பதிவுகளையும் அதற்கு அனுப்பலாம். ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றுடன் தமிழிலும் பதில் தரும் ஏற்பாடு அது. ஒரே பொய் நூறு வடிவங்களில் வரும் என்பதால், படத்தின் சாயலையும் வாசகத்தின் பொருளையும் ஒப்பிட்டு, இது முன்பே சரிபார்த்ததுதான் என்று கண்டுபிடிக்கும் வேலையை இத்தகைய சேவைகளில் கணினி செய்கிறது. மனிதர் ஒருமுறை உட்கார்ந்து சரிபார்த்தால் போதும். தொழில்நுட்பம் மிகச் சிறப்பாக உதவும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

அது தடுமாறும் இடம் ஒலிப்பதிவு. ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் 30 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சியின் தலைவர் மிகால் ஷிமெச்கா ஒரு பத்திரிகையாளருடன் வாக்குகளை விலைக்கு வாங்குவது பற்றிப் பேசுவதைப் போன்ற போலி ஒலிப்பதிவு பரவியது. பிரசாரத் தடை நேரம் என்பதால் மறுப்பு மக்களைப் போய்ச் சேர்வது கடினமாயிற்று. நம் நாட்டிலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அதே 48 மணி நேர அமைதி உண்டு. குரலைப் பகுத்துப் போலியா என்று சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவை தருவது நிகழ்தகவு மட்டுமே. வாட்ஸ்அப்பில் பத்து முறை சுருக்கப்பட்டு, பின்னணியில் மோட்டார் சத்தத்துடன் வரும் 20 நொடித் தமிழ் ஒலித்துண்டில் அவை எளிதில் தவறிவிடும். படத்துக்குள் பொதிக்கப்படும் மூலச் சான்றுத் தரவையும் (படம் எங்கே, எப்படி உருவானது என்று சொல்லும் குறிப்பு) நம்பியிருக்க முடியாது, பல தளங்களில் பதிவேற்றும்போதே அது உரிந்துபோகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் மறைந்த முதல்வர்கள் இருவரின் குரல்களையும் அவரவர் கட்சியினரே செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி வெளியிட்டார்கள். கலைஞரின் உருவம் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கியது, ஜெயலலிதாவின் குரல் ஒலிப்பதிவாக வந்தது. ஏமாற்றும் நோக்கம் அவற்றில் இல்லை, எல்லோருக்கும் தெரிந்தே செய்தார்கள். ஆயினும் கேட்ட குரலே சாட்சி என்ற பழைய நம்பிக்கை அன்றோடு போய்விட்டது என்று உங்கள் மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள்: இனி உண்மையான பதிவில் அகப்பட்டவரும் அது போலி என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்.

பதில் 3
எழுதியவர்: மாவட்டச் செய்தியாளர், மதுரை

பொய்த் தகவலைத் தடுக்கும் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 2019இல் சமூக ஊடக நிறுவனங்கள் தேர்தல் ஆணையத்திடம் அளித்த தன்விருப்ப நெறிமுறையின்படி, 126ஆம் பிரிவை மீறும் பதிவுகளை மூன்று மணி நேரத்துக்குள் நீக்க ஒப்புக்கொண்டன. 2024 ஏப்ரல் 2 அன்று ஆணையம் வதந்திகளுக்கான மறுப்புகளைத் தொகுத்து வெளியிடும் தனி இணையப் பக்கத்தைத் தொடங்கியது. போலிக் காணொளிகள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் தம் பக்கங்களிலிருந்து அவற்றை நீக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் 2024 மே 6 அன்று வந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19 அன்றே முடிந்துவிட்டது. பதினேழு நாள் தாமதம் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

எது பொய் என்று அரசே முடிவு செய்யட்டும் என்று கேட்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் பொய் எது என்று அரசு அமைக்கும் பிரிவே குறிக்கும் என்ற 2023ஆம் ஆண்டின் விதித்திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்று கூறியது. தேர்தலில் ஆளும் தரப்பும் ஒரு போட்டியாளர்தானே. போட்டியாளர் கையில் நடுவரின் விசிலைக் கொடுப்பது எந்தக் கட்சி ஆண்டாலும் தவறு. வாக்களிக்கும் நாள், இடம், முறை ஆகியவற்றில் ஆணையம் சொல்வதே இறுதி. மற்றவற்றைச் சுதந்திரமான செய்தியாளர்களும் சரிபார்ப்பாளர்களும் சான்றுகளுடன் முன்வைக்க வேண்டும்.

பதில் 4
எழுதியவர்: கல்வி ஆய்வாளர், கோயம்புத்தூர்

ஆசிரியை அவர்களே, உங்கள் மூன்றாவது கேள்விக்கு மற்றக் கேள்விகளைவிட நல்ல சான்று இருக்கிறது.

2019 மக்களவைத் தேர்தலையொட்டிப் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 1,200க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு கள ஆய்வு நடத்தினார். வீட்டுக்கே சென்று ஒரு மணி நேரம் கற்பித்தார்கள், ஒரு படத்தைக் கொண்டே அது முன்பு எங்கே வெளியானது என்று தேடும் முறையைக்கூடக் காட்டினார்கள். பொய்யை அடையாளம் காணும் திறன் பொதுவில் உயரவில்லை. கட்சிப் பற்று உள்ள ஒரு பிரிவினரிடம், தம் கட்சிக்குச் சாதகமான பொய்யை அடையாளம் காண்பது சற்றுக் குறையவும் செய்தது. அறியாமைதான் காரணம் என்று நினைத்துச் செய்யும் ஒரு நாள் முகாம்களின் வரம்பை இது காட்டுகிறது.

அதே ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பின்னர் அதே பீகாரில் வேறு விதமாக முயன்றார்கள். 583 கிராமங்களில் 13,500க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள், கிராமத்து நூலகங்களில், 14 வாரங்களில் பரவலாக நடந்த வகுப்புகள். ஒப்பீட்டுக்கான மற்றொரு பிரிவுக்கு ஆங்கில வகுப்பு நடந்தது. இம்முறை பிள்ளைகள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவது தெளிவாக மேம்பட்டது, நான்கு மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது என்பதுதான் என்னை நெகிழவைத்த செய்தி. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார்கள். உங்கள் சித்தப்பாவிடம் போய்ச் சேரும் வழி உங்கள் ஒன்பதாம் வகுப்பு வழியாகவே இருக்கக்கூடும்.

பக்கத்து மாநிலத்தில் 2018இலேயே கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 150 அரசுப் பள்ளிகளில் இதற்கான வகுப்புகளைத் தொடங்கியது. பின்னர் கேரள அரசு அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. முன்னுதாரணம் இல்லை என்று தலைமையாசிரியர் தயங்கினால் இதைச் சொல்லலாம்.

40 நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். வாரம் ஒரு பாடவேளை, ஒரே ஒரு செய்தி. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த செய்தியாக இருக்கட்டும், அனுப்பியவர் பெயரை மட்டும் நீக்கிவிடுங்கள். முதலில் செய்தியைப் படித்து ஆராயச் சொல்லாதீர்கள், அதை விட்டு வெளியே வந்து அதே விஷயத்தை வேறு யார் சொல்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். பொய்யை எழுதுபவர் மொழிநடையையும் முத்திரையையும் கச்சிதமாகச் செய்திருப்பார். செய்தியையே உற்றுப் பார்க்கும் பிள்ளை அவருடைய வலையிலேயே நிற்கும். அந்த 49ஏ செய்தியையே முதல் பாடமாக வையுங்கள். நான்கு வரிகளைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, நான்கு குழுக்களுக்குக் கொடுத்து, முதல் பதிலில் ஐயா தந்த விதி எண்களை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஒரு வரி உண்மை என்று ஒரு குழு எழுந்து சொல்லும்போது வகுப்பில் எழும் சலசலப்பு நீங்கள் கொடுக்கும் எந்த விளக்கத்தையும்விட அதிகம் கற்பிக்கும்.

எல்லாம் பொய் என்ற மனநிலையோடு மட்டும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடாதீர்கள். உண்மையான செய்திகளையும் இடையிடையே கலந்து கொடுத்து, இது சரி, நம்பலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள்.

பதில் 5
எழுதியவர்: பனியன் நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்

இது தேர்தல் செய்தி அன்று, ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. எங்கள் தையல் பிரிவில் பீகாரைச் சேர்ந்த தம்பி ஒருவர், ஊரிலிருந்து அவருடைய அம்மா அழுதுகொண்டே அனுப்பிய காணொளியை என்னிடம் காட்டினார். இந்த ஊரில்தான் நிற்கிறார், எதுவும் நடக்கவில்லை என்று கண்ணால் பார்க்கிறார், ஆனாலும் கை நடுங்கியது. அந்தக் காணொளிகள் பொய் என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையில் நடந்தது. அந்த மறுப்பை நான் தமிழில் படித்துக் காட்டியபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரையே தையல் எந்திரத்துக்கு அருகில் நிற்கவைத்து, அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசச் சொல்லி, அந்தக் காணொளியை அம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன். மறுநாள் அவர் மூட்டை கட்டவில்லை.

குழுவில் மூத்தவரைத் திருத்துவதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். குழுவில் மறுக்காதீர்கள். தனியாகத் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், இதை நீங்களே சரிபார்த்து மாற்றிப் போட்டால்தான் எல்லோரும் கேட்பார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அனுப்பியதை அவரே திருத்தினால் அவருக்கு மரியாதைக் குறைவும் இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அத்தானை அழைத்துப் பேசினேன். சித்தப்பா அன்று திரும்பி வந்த கதையே அவருக்கு இதுவரை தெரியாது. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னிடம் ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டார். முதல் பதிலில் இருந்த விதி எண்களை அவருக்கு அனுப்பினேன். இரவு அவரே குழுவில் குரல்பதிவாக அதை விளக்கிச் சொன்னார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறோம். புதிதாகச் சேர்ப்பதற்கு உரியது படிவம் 6 என்று தெரிகிறது. தஞ்சாவூர் ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: பழைய முகவரியில் அவருடைய பெயர் இப்போதும் இருந்துவிட்டால் அதே படிவத்தைத்தான் நிரப்ப வேண்டுமா?

பதில் 1 எழுதியவரின் மறுமொழி

இல்லை அம்மா. பழைய முகவரியில் பெயர் இருந்தால் படிவம் 8, எங்குமே இல்லையென்றால்தான் படிவம் 6. முதலில் பழைய வாக்காளர் அட்டையின் எண்ணை வைத்து இணையதளத்தில் தேடிப் பாருங்கள். விண்ணப்பித்ததும் கிடைக்கும் ஒப்புகை எண்ணை அவருடைய சட்டைப்பையில் இருக்கும் அந்த ஆதார் நகலின் பின்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.